முகத்துக்கு மதிப்பெண் போட்ட கதை

1985-ஆம் ஆண்டு அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஜான் ஹவுஸ், டெரால்ட் பிராக்மன் என்ற இரண்டு காது அறுவை நிபுணர்கள். முகத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவரை எதிரே உட்காரவைத்து, அந்த முகத்துக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் எண் போடுவது எப்படி என்று சொன்னார்கள். ஒன்று என்றால் பழுதில்லாத முகம். ஆறு என்றால் துளி அசைவும் இல்லாத முகம். இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் முகவாத நோயாளியின் சீட்டை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் 'எச்.பி. கிரேடு 4' என்பது போல ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு எழுத்தும் இவர்கள் பெயர்தான்.

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு அந்த வரியைப் படிக்காமல் ஒரு நாள் விடியாது. வாய் கோணிப்போனவர்கள், ஒரு கண் மூடாதவர்கள், 'காத்து அடிச்சிருச்சு' என்று முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு வருபவர்கள் எல்லாரும் கையில் அந்த எண்ணோடுதான் வருகிறார்கள். அந்த எண் யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியும்.

முகத்தை அசைப்பது ஏழாவது கபால நரம்பு. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் வழியாக வளைந்து வளைந்து வெளியே வருகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நரம்பு வீங்கினால் எலும்பு இடம் விடாது, நசுங்கிப்போகும். அப்படித் திடீரென்று, வேறு காரணம் புலப்படாமல் வருவதைத்தான் பெல்ஸ் பால்ஸி என்கிறோம்.

பெயருக்குரிய சார்லஸ் பெல் 1774-இல் எடின்பரோவில் பிறந்தவர். அறுவை மருத்துவர், அதே அளவுக்குத் தேர்ந்த ஓவியர். 1806-இல் ஓவியர்களுக்காக முகபாவத்தின் உடற்கூறு பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்த கையோடு பிரஸ்ஸல்ஸுக்குப் போய்க் காயம்பட்ட சிப்பாய்களுக்கு அறுவை செய்தார், அவர்களை வரைந்தும் வைத்தார். முகத்தைப் பார்க்கப் பழகிய கண் அது. 1821-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில், முகத்துக்கு வரும் நரம்புகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை என்று காட்டினார். ஒரு கழுதையின் ஏழாவது நரம்பை வெட்டிப் பார்த்தபோது அந்தப் பக்கத்து மூக்குத்துளை மூச்சோடு விரிவது நின்றுபோனது. அதை வைத்து அந்த நரம்பை மூச்சுக்கான நரம்பு என்றே அவர் கருதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. முகத்தின் உணர்ச்சி ஐந்தாவது நரம்பில், பாவனை ஏழாவது நரம்பில் என்று தெளிவாகப் பிரிந்ததில் அதே காலத்து ஆங்கில உடற்கூற்று அறிஞர் ஹெர்பர்ட் மேயோவுக்குப் பெரிய பங்கு உண்டு. நோயை விவரித்ததிலும் பெல் முதல் ஆள் இல்லை. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் ஃப்ரீட்ரைக் 1798 வாக்கிலேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் அசையாத முகத்தையும் அதன் நரம்பையும் சேர்த்துப் படிக்கும்படி மருத்துவ உலகத்தைத் திருப்பியவர் பெல்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்து பாரிஸ். துஷேன் என்ற மருத்துவர் மின்சாரக் கம்பியைக் கன்னத்தில் வைத்து ஒவ்வொரு தசையாகத் துடிக்கச் செய்து படம் எடுத்தார். முகத்தில் உணர்ச்சி குறைந்துபோன ஒரு முதியவர் அதற்கு உட்கார்ந்துகொடுத்தார். கம்பி வைத்தாலும் அவருக்கு வலிக்காது. 1862-இல் வந்த அந்தப் புத்தகத்தின் படங்களை டார்வின் 1872-இல் தன் புத்தகத்திலும் எடுத்துக்கொண்டார். எந்தத் தசை எதைச் செய்யும் என்று எங்கள் படிப்பில் வரும் பாடத்தின் அடித்தளம் இது. துஷேனின் கம்பி இன்னும் நம் ஊரை விட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, "மேடம், கரண்ட் வைப்பீங்களா?" என்பதுதான். நான் வைப்பதில்லை. பெல்ஸ் பால்ஸிக்குக் கரண்ட் வைப்பதால் நன்மை என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, சின்னச் சின்ன அசைவாகப் பழகுவதில்தான் எனக்கு நம்பிக்கை.

பெல்லுக்கும் துஷேனுக்கும் மதிப்பெண் தேவைப்படவில்லை. நரம்பு இருக்கிறதா போய்விட்டதா என்பதே அன்றைய கேள்வி. சிகிச்சை என்று ஒன்று வந்து, 'இவன் கைக்கு நல்லாச்சு, அவன் கைக்கு ஆகலை' என்ற பேச்சு தொடங்கும்போதுதான் அளவுகோல் வேண்டும்.

1895-இல் லண்டனில் சார்லஸ் பேலன்ஸ் என்ற அறுவை மருத்துவர், செத்துப்போன முகநரம்பின் முனையை எடுத்துத் தோள்பட்டையை அசைக்கும் நரம்போடு தைத்தார். முகத்துக்கு அசைவு திரும்பியது. ஆனால் தோளைத் தூக்கும்போதுதான் வந்தது. பிறகு வந்தவர்கள் நாக்கை அசைக்கும் நரம்போடு சேர்த்தார்கள். நாக்கை அழுத்தினால் கன்னம் ஏறியது. அந்த அசைவை எப்படிக் கணக்கு வைப்பது? முகம் அசைகிறது என்பதும் உண்மை, சிரிப்பு வரவில்லை என்பதும் உண்மை. இந்தச் சிக்கல் இன்றைக்கும் தீரவில்லை. நாக்கு நரம்பை இணைத்த முகம், எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும், ஹவுஸ் பிராக்மன் கணக்கில் மூன்றைவிட நல்ல எண்ணுக்கு வராது.

உண்மையான நெருக்கடி வந்தது காது நரம்பில் வளரும் கட்டியால். கேட்கும் நரம்பும் முகநரம்பும் ஒட்டிக்கொண்டே போகின்றன. கட்டியை எடுக்கப் போனால் முகநரம்பு கையில் வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் காலத்தில் நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போவதே சாதனை. முகம் கோணினால் யாரும் அதைத் தோல்வி என்று எழுதவில்லை. 1960-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ், நுண்ணோக்கியையும் பல் மருத்துவர் கையாளும் வகைத் துளைக்கருவியையும் எடுத்துக்கொண்டு காது எலும்பு வழியாகவே கட்டிக்குப் போக ஆரம்பித்தார். அவர் முதலில் பல் மருத்துவம் படித்தவர் என்பது அந்தக் கையில் தெரிந்தது. சாவு குறைந்தது. சாவு குறைந்ததும் கேள்வி மாறியது. உயிர் தப்பியது சரி, முகம் என்ன ஆயிற்று? ஜான் ஹவுஸ் இந்த வில்லியமின் அண்ணன் மகன். மதிப்பெண் அட்டவணை அந்த வீட்டிலிருந்தே வந்தது தற்செயல் அல்ல.

அதற்கு முன்னும் அளவுகோல்கள் இருந்தன. 1955-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த போட்மனும் யாங்கீஸும் ஒன்று போட்டார்கள். 1976-இல் ஜப்பானில் யானகிஹாரா முகத்தைப் பத்து வேலைகளாகப் பிரித்தார். சும்மா இருக்கும்போது, நெற்றி சுருக்கும்போது, கண்ணை மெதுவாக மூடும்போது, இறுக்கி மூடும்போது, மூக்கைச் சுளிக்கும்போது, பல்லைக் காட்டும்போது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை, மொத்தம் 40. பத்தில் ஒன்று விசில் அடிப்பது. ஜப்பானில் இன்றும் இந்த 40 தான் புழக்கம். ஆளுக்கொரு அளவுகோல் என்றானதும் ஒருவர் எழுதிய முடிவை மற்றவர் ஒப்பிட முடியவில்லை. 1983-இல் ஜான் ஹவுஸ் இருந்தவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை அகாடமியின் முகநரம்புக் குழு ஆறு படிக்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகுதான் அந்த இரண்டு பக்கக் கட்டுரை.

அதில் ஒரு ஸ்கேல் கணக்கும் இருக்கிறது. புருவம் எவ்வளவு மேலே ஏறுகிறது, வாயோரம் எவ்வளவு பக்கவாட்டில் போகிறது என்று அளக்க வேண்டும். கால் சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கும் தலா நான்கு, ஆகமொத்தம் எட்டு. எட்டுக்கு எட்டு என்றால் முதல் கிரேடு, பூஜ்யம் என்றால் ஆறாவது. நடைமுறையில் ஸ்கேல் எடுத்து அளப்பவர்கள் அரிது. கண்ணால் பார்த்து எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். அதற்கு அடுத்த ஆண்டே சூரிச்சில் புர்ரெஸும் ஃபிஷும் முகத்தில் புள்ளி வைத்து நீளம் நீளமாக அளக்கும் நுணுக்கமான முறை ஒன்றைக் கொடுத்தார்கள். நோயாளி நிறைந்த ஓ.பி.யில் அதற்கு நேரம் ஏது?

ஆறு படிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கும் கோடு. முயற்சி செய்தால் கண் முழுதாக மூடுகிறது என்றால் மூன்று. எவ்வளவு முயன்றாலும் மூடவில்லை என்றால் நான்கு. வாய் கோணுவதைத்தான் நோயாளியும் வீட்டாரும் பார்த்துக் கலங்குகிறார்கள். பார்வையைப் பறிப்பது மூடாத கண். கருவிழி காய்ந்து புண்ணாகும், புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். நான்கு என்று எழுதிய கையோடு கண்ணுக்குச் சொட்டுமருந்து, ராத்திரி களிம்பு, இமையை மூடி ஒட்டும் பிளாஸ்திரி மூன்றையும் எழுதியாக வேண்டும். அந்தக் கோட்டை அங்கே கிழித்தவர்கள் நோயாளியின் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கண் விஷயத்தில் நம் பக்கத்துக்கும் ஒரு பெரிய வரலாறு உண்டு. தொழுநோய் முகநரம்பின் கன்ன எலும்பு மேல் போகும் கிளையைத் தாக்கும், இமை மூடாது. 1940-களின் இறுதியில் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொடங்கிய மறுவாழ்வு அறுவைப் பணி, பிறகு கரிகிரி மருத்துவமனை என்று வளர்ந்தபோது, நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பட்டையை எடுத்து இமையோடு கோக்கும் அறுவை அங்கே நடந்தது. மெல்லுவதற்கான அந்தத் தசைக்கு ஐந்தாவது நரம்பு. ஆகவே பல்லைக் கடித்தால் கண் மூடும். அடிக்கடி கடித்துக் கண்ணை மூடப் பழக்குவது பிசியோதெரபிஸ்டின் வேலை. அங்கே மதிப்பெண் ஆறு படி இல்லை. மூடச் சொன்ன பிறகு இமைகளுக்கு நடுவில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து எழுதுவார்கள். ஒரே ஓர் அளவு. அது போன மாதத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பது எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும்.

இனி ஆறு படியின் குறை. என்னிடம் வந்த ஒரு பஸ் கண்டக்டரை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். ஐம்பதை நெருங்கியவர், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதிக் காட்டினார். சத்தம் வரவில்லை. "பாருங்க மேடம், காத்து பூரா இந்தப் பக்கமா போயிருது. ஒத்த விசில் அடிக்க முடியாதவன் எப்படி வண்டிக்குப் போறது?" என்றார். "வரும்ணே. மொதல்ல கண்ணைப் பாத்துக்குவோம்," என்றேன்.

அவர் சீட்டில் நான்கு என்று இருந்தது. நெற்றி அசையவில்லை, கண் முழுதாக மூடவில்லை, ஆகவே நான்கு சரி. ஆனால் சும்மா இருக்கும்போதே கன்னம் தொங்கியது, வாயோரம் இறங்கியிருந்தது. நான்காவது கிரேடில் சும்மா இருக்கும் முகம் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. தொங்கும் முகம் ஐந்தைச் சேர்ந்தது. ஐந்து என்று போட்டால், அவர் வாயிலும் கண்ணிலும் நன்றாகவே தெரிந்த அசைவு அதில் அடங்காது. நெற்றி ஒரு கிரேடு, வாய் ஒரு கிரேடு, சும்மா இருக்கும் முகம் ஒரு கிரேடு. ஒரே எண் கேட்டால் யாரும் நடுவில் ஒன்றைப் போடுவார்கள்.

1996-இல் டொரண்டோவில் சன்னிபுரூக் மருத்துவமனையிலிருந்து ராஸ், ஃபிராடே, நெட்ஸெல்ஸ்கி மூவரும் கொடுத்த அளவுகோல் இதற்கு நல்ல பதில். ஐந்து வேலைகளைச் செய்யச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும்: நெற்றியைத் தூக்குவது, கண்ணை மெதுவாக மூடுவது, வாய் திறந்து சிரிப்பது, மூக்கைச் சுளிப்பது, உதட்டைக் குவிப்பது. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். அதிலிருந்து, சும்மா இருக்கும்போது கண், கன்னம், வாய் எவ்வளவு கோணல் என்று போட்ட எண்ணை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். கூடவே இழுக்கும் அசைவுக்கும் கழிக்க வேண்டும். அதாவது கண்ணை மூடினால் வாயும் சேர்ந்து இழுத்துக்கொள்வது. நரம்பு திரும்ப வளரும்போது தசை மாறிப் போய்ச் சேர்வதால் வருகிற கோளாறு.

கண்டக்டருக்கு முதலில் நெற்றி 1, கண் 3, சிரிப்பு 3, மூக்கு 2, உதடு 2. கூட்டினால் 11, நான்கால் பெருக்க 44. கண், கன்னம், வாய் மூன்றிலும் ஒவ்வொன்று, ஐந்தால் பெருக்கி 15 கழித்தால் 29. நான்காவது மாதம் நெற்றி அதே 1, கண் 4, சிரிப்பு 3, மூக்கு 3, உதடு 3. கூட்டினால் 14, பெருக்க 56. வாயோரம் நேராகிவிட்டது, ஆகவே 10 மட்டும் கழிவு. கண்ணை மூடும்போது வாய் இழுப்பதற்கு 2 கழிவு. மிச்சம் 44. விசில் வந்துவிட்டது. டபுள் விசில் கொடுத்தே காட்டினார். அன்றும் அவர் சீட்டில் நான்குதான். கண் இன்னும் ஒரு நூல் மூடவில்லை, நெற்றி அசையவில்லை. விதிப்படி அதுவும் சரி. "நாலு மாசமா அதே நாலுதானா மேடம்?" என்று அவர் கேட்டபோது 29-ஐயும் 44-ஐயும் எழுதி அவர் கையில் கொடுத்தேன்.

ஹவுஸும் பிராக்மனும் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நூறு பேருக்கு அறுவை செய்த ஒருவர் இன்னொருவருக்கு முடிவைச் சொல்ல அவர்கள் செய்த அளவுகோல் அது. அந்த வேலைக்கு அது போதும். இத்தனை மாதம் உழைத்த ஒருவருக்கு அவர் முன்னேற்றத்தைச் சொல்ல அது போதாது. 2009-இல் முகநரம்புக் குழுவே அதைத் திருத்தி, புருவம், கண், கன்ன மடிப்பு, வாய் நான்குக்கும் தனித்தனி எண் போடும் இரண்டாம் வடிவத்தை வெளியிட்டது. நோயாளியையே கேட்கும் முறைகளும் வந்தன. 1996-இல் அமெரிக்க பிசியோதெரபிஸ்டுகள் வான்ஸ்வேரிங்கன், பிராக் இருவரும் சாப்பிடுவது, பேசுவது, நாலு பேர் நடுவில் போவது பற்றிக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட வைத்தார்கள். அளக்கிறவர் நன்றாகிவிட்டது என்று சொல்லும் முகத்தோடு கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்குபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கேள்விகளை ஏன் இன்னும் நாம் எல்லா ஓ.பி.யிலும் கேட்பதில்லை என்பது எனக்கு உள்ள ஆதங்கம்.

மதிப்பெண்ணால் விளைந்த மிகப் பெரிய நன்மை மருந்து விஷயத்தில். டென்மார்க்கில் எரிக் பைட்டர்சன் மருந்தே கொடுக்காமல் 1,701 பெல்ஸ் பால்ஸி நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2002-இல் எழுதினார். 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. 71 சதவீதம் பேருக்கு முகம் முழுதாகச் சரியானது. எண்ணெய் தடவியவரும் மந்திரித்தவரும் பேர் வாங்குவது இந்த 71-ல்தான். மருந்து இதைவிட மேலாகச் செய்கிறதா என்று ஸ்காட்லாந்தில் பார்த்து 2007-இல் எழுதினார்கள். சும்மா இருக்கும்போது, சிரிக்கும்போது, புருவம் தூக்கும்போது, கண்ணை இறுக்கி மூடும்போது என்று ஒவ்வொருவரையும் படம் எடுத்து, யாருக்கு எந்த மருந்து என்று தெரியாத மூன்று நிபுணர்களிடம் கொடுத்து ஹவுஸ் பிராக்மன் எண் போடச் சொன்னார்கள். 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கியவர்களில் மூன்று மாதத்தில் 83 சதவீதம் பேர் முழுதாகத் தேறியிருந்தார்கள்; அது கிடைக்காதவர்களில் 63.6 சதவீதம். ஸ்வீடனும் ஃபின்லாந்தும் சேர்ந்து சன்னிபுரூக் கணக்கில் பார்த்து அடுத்த ஆண்டு எழுதியதிலும் ஸ்டீராய்டு ஜெயித்தது.

ஆகவே வாசிப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருக்காவது காலையில் எழும்போது வாய் கோணியிருந்தால் முதலில் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றி நன்றாகச் சுருங்கி முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் விழுந்திருந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நெற்றியும் சேர்ந்து அசையவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், மூன்று நாளைத் தாண்டவிடாதீர்கள். போகும்போது கண் மூடுவது, சிரிப்பது, உதடு குவிப்பது மூன்றையும் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் கிரேடு மட்டும் இருந்தால், கண் எவ்வளவு மூடுகிறது என்பதையும் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.